கருவியும் கேள்வியும்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் நிலவரைபடம், பாலினவியல், வரலாறு

1. ஆய்வுக் கேள்வி

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் பாடப் பட்டியலில் மூன்று பாடங்கள் பொதுவாகத் தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன. ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு தொழிற்கல்விச் சான்றிதழ்களின் வரிசையில் வருகிறது. வரலாறு, நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல விரும்புவோர் முடிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களுள் ஒன்று. பாலினவியல் பெரும்பாலும் ஒரு சிறு துறையின் பொறுப்பில் விருப்பப் பாடமாக நிற்கிறது. ஆசிரியர்கள் வேறு, நிதி வரும் வழி வேறு. மாணவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களே.

இந்தப் பிரிவினை நிர்வாக வசதிக்காக மட்டும் ஏற்பட்டதா, அல்லது கற்பிக்கப்படும் திறனையே அது குறைபடச் செய்கிறதா? இக்கட்டுரை ஆராய விரும்புவது இதைத்தான். என் வாதம் இரண்டு பகுதிகள் கொண்டது. முதலாவது, நிலவரைபடம் வரையும் தொழிலில் வரலாறும் பாலினமும் பின்னால் சேர்க்கும் விளக்கங்கள் அல்ல. எதை எந்த வகையில் அடக்குவது, எந்த எல்லையை எங்கே இழுப்பது என்ற முதல் முடிவிலேயே அவை இருக்கின்றன. ஆகவே அவற்றை விலக்கிவிட்டுக் கற்பிக்கும் தொழில்நுட்பம், தொழில்நுட்பம் என்ற அளவிலேயே அரைகுறையானது. இரண்டாவது, இந்தப் பிரிவினை சமூக வர்க்கத்தின் வழியே நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் சேர வசதியுள்ளவருக்குக் கேள்வியும், திறந்த கதவு வழியே வரும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கருவியும் என்று கல்வி பங்கிடப்படுகிறது. இதை நிறுவ சான் பிரான்சிஸ்கோ நகரையும், அங்குள்ள சிட்டி காலேஜையும், மூன்று வரலாற்று வரைபடங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

2. திறந்த கதவும் இரு வழிகளும்

இன்றும் இயங்கும் பொது இரண்டாண்டுக் கல்லூரிகளில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் காலேஜ். அது 1901இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை உள்ளூரிலேயே தருவது அதன் நோக்கம். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு தன் 1947ஆம் ஆண்டு அறிக்கையில், இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பரவ வேண்டும் என்றும், சுற்றியுள்ள மக்கள் அனைவரின் தேவைக்கும் அவை பயன்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு முதன்மைத் திட்டம் இந்த ஏற்பாட்டுக்குக் கறாரான வடிவம் கொடுத்தது. உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களில் மேல்தட்டிலுள்ள எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, மேல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு, மற்ற அனைவரும் சமுதாயக் கல்லூரிகளுக்கு என்று அது வகுத்தது. இன்று அம்மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

இக்கல்லூரிகளைப் பற்றிய ஆய்வுலகம் தொடக்கம் முதலே இரு கருத்துகளாகப் பிரிந்து நிற்கிறது. சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே நகரின் இரண்டாண்டுக் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் ஒரு கசப்பான முடிவை முன்வைத்தார். பெரிய கனவுகளோடு வரும் மாணவரிடம் முகத்தில் அறைந்தாற்போல் மறுப்புச் சொல்லாமல், ஆலோசனை, தேர்வு, மாற்றுப் பாடம் எனப் படிப்படியாக அந்தக் கனவைத் தணித்து, குறுகிய தொழிற்படிப்பை ஏற்கச் செய்வதே இக்கல்லூரி சொல்லாமல் ஆற்றும் பணி என்றார் அவர். ஸ்டீவன் பிரின்ட், ஜெரோம் காரபெல் இருவரும் 1989இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி முன்னே போனது. தொழிற்கல்வியை மாணவர்கள் கேட்டதைவிடக் கல்லூரித் தலைவர்களே தம் நிறுவனத்துக்கு ஒரு தனி இடம் தேடி முன்தள்ளினார்கள் என்பது அவர்கள் வாதம்.

எதிர்த்தரப்பின் விடையையும் எளிதாக ஒதுக்க முடியாது. இக்கல்லூரி இல்லாவிட்டால் இம்மாணவர்களில் பலர் எந்தக் கல்லூரிக்கும் போயிருக்க மாட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் தாய்மார்கள், புதிதாகக் குடியேறியவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள் ஆகியோருக்கு இரண்டு பருவத்தில் கிடைக்கும் ஒரு சான்றிதழ் உண்மையான முன்னேற்றம். கெவின் டோஹர்ட்டி 1994இல் எழுதிய நூலில், இந்த இரு இயல்புகளும் ஒரே நிறுவனத்துக்குள் முரண்பட்டு வாழ்கின்றன என்று காட்டினார். எனக்கு இந்த நிலைப்பாடே ஏற்புடையது. தொழிற்கல்வி தருவதில் தவறில்லை. தொழிற்கல்வி என்றால் சிந்தனையைக் கழித்த கல்வி என்ற எண்ணமே ஆராயப்பட வேண்டியது.

3. மூன்று பாடங்கள் வந்த வழிகள்

பாலினவியல் இயக்கங்களின் வழியே வந்தது. 1970இல் சான் டியாகோ மாநிலக் கல்லூரியில் பெண்ணியல் கல்வித் திட்டம் அமைந்தது. நாட்டில் முறைப்படி அமைந்த முதல் திட்டம் என்று அது குறிப்பிடப்படுகிறது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் 1972இல் தற்பாலீர்ப்பு இலக்கியத்துக்கென ஒரு பாடத்தை நடத்தியது. 1989இல் தற்பாலீர்ப்பு ஆய்வுகளுக்கென நாட்டின் முதல் தனித் துறையை நிறுவியதும் அக்கல்லூரியே. புகழ்பெற்ற ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் தயங்கி நின்ற ஒன்றைத் திறந்த கதவுக் கல்லூரி செய்தது. அறிவுத்துறையில் புதிய கேள்விகள் மேலிருந்தே கீழே இறங்கும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு நிகழ்வே அசைக்கிறது.

நிலவரைபடத் தொழில்நுட்பம் வந்த வழி வேறு. 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் நில வளக் கணக்கெடுப்புக்காக உருவாக்கிய கணினி அமைப்பிலிருந்து ஜி.ஐ.எஸ். வளர்ந்தது. 1969இல் ஜாக் டேஞ்சர்மண்டும் லாரா டேஞ்சர்மண்டும் கலிஃபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸில் தொடங்கிய எஸ்ரி நிறுவனத்தின் மென்பொருள் பின்னர் இத்துறையின் பொதுமொழி ஆகிவிட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் தேசிய அறிவியல் அறக்கட்டளை, இரண்டாண்டுக் கல்லூரிகளில் உயர் தொழில்நுட்பக் கல்விக்கு நிதி வழங்கத் தொடங்கியது. அந்நிதியைக் கொண்டு 2008இல் சமுதாயக் கல்லூரிகளுக்கான தேசியப் புவித்தொழில்நுட்ப மையம் உருவானது. 2010இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை இத்துறைப் பணியாளருக்கு வேண்டிய திறன்களை அடுக்கடுக்காக வகைப்படுத்தி வெளியிட்டது. பாடத்திட்டங்கள் அந்த அடுக்குகளுக்கு ஏற்ப அமைந்தன.

வரலாற்றுக்கு இப்படிப்பட்ட நிதியோ இயக்கமோ தேவைப்படவில்லை. மாறிச் செல்லும் மாணவருக்கு அது ஒரு தேவை என்பதால் நிலைத்து நிற்கிறது. தேவை முடிந்ததும் மாணவர் அதைவிட்டுப் போகிறார்.

இந்த வழிகளை நிதி விதிகள் மேலும் இறுக்கியுள்ளன. கலிஃபோர்னியாவில் 2018 முதல் நடப்பிலுள்ள நிதிப் பங்கீட்டு முறை, கல்லூரிக்குக் கிடைக்கும் தொகையின் ஒரு பகுதியை மாணவர் பெறும் பட்டம், சான்றிதழ், மாற்றம் ஆகியவற்றோடு இணைத்தது. தொழிற்கல்வியில் ஒன்பது அலகுகள் முடித்தாலும் அது கணக்கில் சேரும். பாலினவியலில் ஒன்பது அலகுகள் முடிப்பதற்கு அப்படித் தனிக் கணக்கு கிடையாது.

பாலினம் தொழிற்கல்விப் பிரிவுக்குள் அறவே வராமலில்லை. பெர்கின்ஸ் சட்டம் எனப்படும் கூட்டாட்சித் தொழிற்கல்விச் சட்டம், ஒரு பாலினத்தவர் 25 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள தொழில்களை மரபுசாராத் தொழில்கள் என்று வகுத்து, அவற்றில் அப்பாலினத்தவரின் பங்கேற்பைக் கணக்குக் காட்டச் சொல்கிறது. இது நல்ல விதி. ஆனால் வகுப்பில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு அது நின்றுவிடுகிறது. அந்த வகுப்பில் கையாளப்படும் தரவு பெண்களை எப்படி வகைப்படுத்தியது என்ற கேள்விக்கு அந்த விதியில் இடமில்லை. அந்தக் கேள்வி வேறொரு துறையில், வேறொரு கட்டடத்தில் இருக்கிறது.

4. முதல் சான்று: 1885ஆம் ஆண்டின் சைனாடவுன் வரைபடம்

1885இல் சான் பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் அவை, சைனாடவுன் பகுதியை ஆராய ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அக்குழு தன் அறிக்கையோடு ஓர் அதிகாரபூர்வ வரைபடத்தையும் வெளியிட்டது. சுமார் 12 தெருச்சதுக்கங்களில் இருந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் வண்ணம் தீட்டப்பட்டது. சீனர் பொதுவாகப் புழங்கும் இடத்துக்கு ஒரு நிறம். சூதாட்ட விடுதிக்கு இளஞ்சிவப்பு, சீனப் பெண்களின் பாலியல் தொழில் நடக்கும் இடத்துக்குப் பச்சை, வெள்ளைப் பெண்களின் பாலியல் தொழிலுக்கு நீலம், அபினி விடுதிக்கு மஞ்சள், கோயிலுக்குச் சிவப்பு.

ஜி.ஐ.எஸ். பயிலும் மாணவருக்கு இது அருமையான பயிற்சிப் பொருள். உயர்தரப் படியாக இணையத்தில் கிடைக்கிறது. தெருக்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருப்பதால் இன்றைய ஆயங்களோடு பொருத்துவது எளிது. ஒவ்வொரு கட்டடத்தையும் பலகோணமாக வரைந்து, நிறத்தைப் பண்பு அட்டவணையில் ஏற்றி, எத்தனை விழுக்காடு கட்டடங்கள் எந்த வகையில் வருகின்றன என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடலாம். தொழில்நுட்ப அளவில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் அந்த மாணவர் செய்து முடித்தது, 1885ஆம் ஆண்டுக் குழுவின் தீர்ப்பை 21ஆம் நூற்றாண்டின் துல்லியத்தோடு மறுபதிப்புச் செய்ததுதான்.

வரலாறு இங்கே முதலில் கேட்பது: இந்த வரைபடம் ஏன் அந்த ஆண்டில் வந்தது? 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம், ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக வரும் ஆசியப் பெண்களைத் தடுக்கிறேன் என்று சொல்லி, சீனப் பெண்களின் வருகையையே பெருமளவு முடக்கியது. 1882ஆம் ஆண்டின் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. பெண்கள் வர முடியாதபடி சட்டம் இயற்றிய பின், அங்கே ஆண்கள் கூட்டமாகக் குடும்பமின்றி வாழ்கிறார்கள் என்பதையே அப்பகுதியின் இழிவுக்குச் சான்றாகக் காட்டினார்கள். சட்டம் உண்டாக்கிய நிலைமையை வரைபடம் இனத்தின் இயல்பாக எழுதிவைத்தது.

பாலினவியல் கேட்பது வேறு: யாரை எந்த வகையில் சேர்த்தார்கள், எதை வைத்து? நயன் ஷா 2001இல் வெளியிட்ட நூலில் இக்குழுவின் அறிக்கையை நுணுகி ஆராய்ந்திருக்கிறார். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வெள்ளை நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் சாயலில் இருந்த வீடுகளையே குழு குடும்பமாக ஏற்றது. பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து வாழ்ந்த மற்ற இல்லங்கள், உறவு தெளிவற்றவை என்று ஐயத்துக்குரிய வகையில் தள்ளப்பட்டன. இப்படித் தள்ளப்பட்ட இல்லங்களில் கணவரின் வேறு மனைவியரோ, வேலைக்காரப் பெண்களோ, ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்ட தோழிகளோ இருந்திருக்கலாம். ஆய்வாளரின் கண்ணுக்குப் பழகிய குடும்ப வடிவம் எது என்பதே ஒரு கட்டடத்தின் நிறத்தைத் தீர்மானித்தது.

லூசி செங் ஹிராட்டா 1979இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மூல ஏடுகளைப் படித்து, பாலியல் தொழிலாளர் என்று பதிவான சீனப் பெண்களின் விகிதம் 1870க்கும் 1880க்கும் இடையே சான் பிரான்சிஸ்கோவில் வெகுவாகக் குறைந்ததைக் காட்டினார். அந்தக் கணக்கெடுப்பாளர்களே சீனப் பெண் என்றால் பாலியல் தொழிலாளி என்று எழுதும் சாய்வு கொண்டிருந்தார்கள் எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் சுட்டினர். இது ஹிராட்டாவின் எண்களை ஐயத்துக்கு உள்ளாக்கும். ஆனால் வரைபடத்தை இன்னும் ஆழமான ஐயத்துக்கு உள்ளாக்கும். இரண்டு ஆவணங்களும் ஒரே பார்வையின் விளைவு என்றால், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடியாது. தரவின் நம்பகத்தன்மை என்று ஜி.ஐ.எஸ். வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். ஆனால் இந்த நம்பகத்தன்மையை அளக்கும் கருவி மென்பொருளில் இல்லை. வரலாற்றிலும் பாலினவியலிலும் இருக்கிறது.

சிட்டி காலேஜின் வளாகங்களுள் ஒன்று இன்று இதே சைனாடவுனின் விளிம்பில், கியர்னி தெருவில் இருக்கிறது. பழைய வரைபடத்தின் எல்லைத் தெருக்களுள் ஒன்று அது. வண்ணம் தீட்டப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் படிக்கும் இடத்தில், வண்ணம் தீட்டும் கலையும் கற்பிக்கப்படுகிறது. மூன்று பாடங்களும் சந்திக்க இதைவிடப் பொருத்தமான இடம் இராது.

5. இரண்டாம் சான்று: சிவப்புக் கோட்டு வரைபடங்கள்

1933இல் உருவான வீட்டுக் கடன் நிறுவனமான ஹெச்.ஓ.எல்.சி., 1935க்கும் 1940க்கும் இடையே 200க்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளைத் தரம் பிரித்து வரைபடமாக்கியது. பச்சை சிறந்தது, நீலம் அடுத்தது, மஞ்சள் சரிந்துகொண்டிருப்பது, சிவப்பு ஆபத்தானது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. கென்னத் ஜாக்சன் 1985இல் இவற்றைப் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2016இல் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய திட்டம் இவ்வரைபடங்களை எண்ணிமமாக்கி, எவரும் தரவிறக்கும்படி வெளியிட்டது. அதன்பின் இவை ஜி.ஐ.எஸ். வகுப்புகளுக்கு மிகவும் பழக்கமான பயிற்சிப் பொருளாகிவிட்டன. பழைய சிவப்புப் பலகோணத்தின் மேல் இன்றைய வருமானத்தையோ கோடை வெப்பத்தையோ ஒரு அடுக்காக வைத்தால் இரண்டும் ஒத்துப்போவது பளிச்சென்று தெரிகிறது.

தெரிவது உண்மைதான். அது எதை நிறுவுகிறது என்பதில்தான் சிக்கல். ஏமி ஹில்லியர் 2003இல் எழுதிய ஆய்வில், இவ்வரைபடங்கள் தனியார் வங்கிகளுக்குப் பரவலாகக் கிடைக்கவில்லை என்றும், வரைபடம் வருவதற்கு முன்பே கடன் கொடுப்போர் அப்பகுதிகளைத் தவிர்த்துவந்தனர் என்றும் பிலடெல்ஃபியாவை முன்வைத்து வாதிட்டார். ஹெச்.ஓ.எல்.சி. தன் கடன்களைப் பெரும்பாலும் 1936க்குள் கொடுத்து முடித்திருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. ப்ரைஸ் ஃபிஷ்பேக்கும் அவருடன் ஆய்ந்தவர்களும், பாகுபாட்டின் முதன்மைப் பொறுப்பு 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டு நிர்வாகத்தின் காப்புறுதிக் கொள்கைகளையே சாரும் என்கிறார்கள். மறுபக்கம், ஏரன்சன், ஹார்ட்லி, மஸும்டர் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, எல்லைக் கோட்டின் இருபுறங்களையும் ஒப்பிட்டு, வரைபடத்துக்குத் தனிப்பட்ட தீய விளைவு இருந்தது என்று முடிவுசெய்கிறது.

இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. என் பார்வையில், வரைபடம் பாகுபாட்டைத் தோற்றுவித்தது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த பாகுபாட்டை அரசின் முத்திரையோடு பதிவுசெய்தது என்பதற்கே சான்று வலுவாக உள்ளது. ஆயினும் இரு தரப்பையும் எடைபோட வேண்டுமானால் ஒரு மாணவர் கேட்க வேண்டியவை பலகோணத்துக்கு வெளியே உள்ளன. வரைபடம் எந்த அலுவலகத்தில் இருந்தது? யார் பார்த்தார்? எந்தக் கடன் எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது? இவை ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேட வேண்டிய கேள்விகள். இரண்டு அடுக்குகள் ஒத்துப்போகின்றன என்பதைக் காரணகாரியம் என்று அறிக்கை எழுதிவிடும் நிபுணர் நகராட்சிக்குத் தவறான ஆலோசனை தருவார். அவர் அறிக்கையை நம்பிச் செலவிடப்படும் பணம் தவறான நோய்க்கு மருந்தாகும்.

இவ்வரைபடங்கள் காட்டாத ஒரு கோடும் உண்டு. பச்சைப் பகுதியில் வாழ்ந்த பெண்ணுக்கும் கடன் எளிதாகக் கிடைக்கவில்லை. மனைவியின் சம்பளத்தை வங்கிகள் முழுதாகக் கணக்கில் எடுக்காத வழக்கம் பரவலாக இருந்தது. மணமாகாத பெண்ணும் மணவிலக்கானவரும் இன்னும் பெரிய தடைகளைச் சந்தித்தனர். 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டு வசதிச் சட்டத்தில் பாலினம் சேர்ந்தது 1974இல்தான். கடன் வழங்குவதில் பாலினம், மணநிலை ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த சட்டமும் அதே ஆண்டு வந்தது. இந்த விலக்கலுக்கு இட எல்லை கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அது நடந்தது. இடத்தை மட்டும் அலகாகக் கொண்டு பார்க்கும் கண்ணுக்கு அது தென்படாது. தான் கையாளும் கருவிக்கு எது தெரியாது என்பதை அறிந்திருப்பதும் தொழில் அறிவின் ஒரு பகுதியே.

6. மாற்றுச் சான்று: ஹல் ஹவுஸ், 1895

கருவியும் கேள்வியும் பிரிந்தே தீர வேண்டும் என்ற விதியில்லை என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் சிகாகோவில் நிறுவிய ஹல் ஹவுஸ் இல்லத்தில் வாழ்ந்தவர்கள், சுற்றியிருந்த குடியேறிகளின் தெருக்களை வீடு வீடாக ஆராய்ந்து 1895இல் வரைபடங்களும் கட்டுரைகளும் அடங்கிய நூல் ஒன்றை வெளியிட்டனர். ஒரு வரைபடம் குடியிருப்பவர்களின் நாட்டினத்தையும், மற்றொன்று வாரக் கூலியையும் வண்ணங்களில் காட்டியது. லண்டன் வறுமையைச் சார்லஸ் பூத் வரைந்த முறையே அவர்களுக்கு முன்மாதிரி. தரவின் பெரும்பகுதி, கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் சேரி ஆய்வுக்காக ஃப்ளாரன்ஸ் கெல்லியின் மேற்பார்வையில் 1893இல் திரட்டப்பட்டது.

இந்த நூலில் ஆக்னஸ் சிங்க்ளேர் ஹால்புரூக் எழுதிய குறிப்புகள் எனக்கு மிக முக்கியமானவையாகப் படுகின்றன. குடும்பத்தின் கூலி என்பதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அவர் விளக்குகிறார். இத்தெருக்களில் மனைவியும் பிள்ளைகளும் சம்பாதிப்பவர்கள் என்பதை அவர் மறக்கவில்லை. கணவனின் கூலியையே குடும்பத்தின் வருமானமாக எண்ணும் வழக்கத்தை அக்கணக்கு அப்போதே அசைத்தது. கெல்லி 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணியாக வரையறுத்த சட்டத்துக்குப் பின்னால் இவர்களின் கள அறிவு நின்றது. அந்த வேலைநேரப் பிரிவை மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் செல்லாது என்று அறிவித்தாலும், கேட்டறிந்து திரட்டிய கள அறிவு சட்டமன்றம் வரை போக முடியும் என்பது நிறுவப்பட்டது. இதே நூலில் ஆடைத் தொழிலாளர் பற்றி எழுதிய இசபெல் ஈட்டன், பின்னர் டு பாய்ஸ் 1899இல் வெளியிட்ட பிலடெல்ஃபியா ஆய்வில் கறுப்பின வீட்டு வேலைக்காரர்கள் பற்றிய பகுதியை எழுதினார்.

ஹல் ஹவுஸ் வரைபடத்துக்கும் குறைகள் உண்டு. நாட்டினம் என்ற வகைப்பாடே குடியேறிகளை ஒரே நிறத்தில் அடைப்பது. ஆயினும் 1885ஆம் ஆண்டு வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. இரண்டும் வீட்டுக்கு வீடு வண்ணம் தீட்டியவை. தொழில்நுட்ப அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று அக்கம்பக்கத்தாரைக் குற்றவாளியாக்கக் கேட்டது. மற்றொன்று அவர்களின் கூலி ஏன் குறைவு என்று கேட்டது.

இக்காலத்தில் இந்த மரபைத் தொடர்ந்தவர்கள் பெண்ணியப் புவியியலாளர்கள். வரைபடம் அதிகாரத்தின் மொழி என்று ஜே.பி. ஹார்லி 1989இல் எழுதியதும், ஜான் பிக்கிள்ஸ் 1995இல் தொகுத்த விமர்சன நூலும், ஜி.ஐ.எஸ். என்பதே கண்காணிப்பின் கருவி என்ற ஐயத்தைக் கிளப்பின. மெய்-போ குவான் 2002இல் இதற்கு மாற்று வழி காட்டினார். கருவியை ஒதுக்காமல், பெண்களின் அன்றாட நடமாட்டத்தையும் நேர நெருக்கடியையும் அச்சத்தையும் அதன் வழியே காட்ட முடியும் என்றார். ஒஹாயோவின் கொலம்பஸில் அவர் செய்த ஆய்வுகள், தூரத்தை மட்டும் அளக்கும் வழக்கமான முறைகள் பெண்களுக்குள்ள தடைகளைக் கண்டுகொள்வதில்லை என்று காட்டின. பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவர வேண்டிய நேரம் ஒருவரின் நாளைக் கட்டிப்போடும்போது, கடை அருகில் இருந்தும் எட்டாது. இது கணக்கீட்டு முறையிலேயே வந்த முன்னேற்றம். பெண்ணியக் கேள்வி இங்கே தொழில்நுட்பத்தை மேம்படுத்தியிருக்கிறது.

7. மறுப்புகளை எடைபோடல்

இந்த வாதத்துக்கு மூன்று வலுவான மறுப்புகள் உண்டு.

முதலாவது, நேரம். பகலில் வேலை பார்த்து இரவில் ஜி.ஐ.எஸ். சான்றிதழ் படிப்பவருக்கு ஒவ்வொரு கூடுதல் பாடமும் பணம், பருவம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். கலிஃபோர்னியாவில் ஓர் அலகுக்கு 46 டாலர் என்பது நாட்டளவில் குறைந்த கட்டணம் என்றாலும், நேரத்துக்குச் சலுகை கிடையாது. இம்மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே பாடங்களைக் கூட்டச் சொல்லவில்லை. இருக்கும் பாடத்துக்குள் பயிற்சித் தரவை மாற்றலாம் என்கிறேன். ஆயப் பொருத்தத்தைக் கற்பிக்க ஏதோ ஒரு வரைபடம் வேண்டும். அது 1885ஆம் ஆண்டின் வரைபடமாக இருந்தால் கூடுதல் அலகு எதுவும் தேவையில்லை. தீக்காப்புறுதிக்காக 1867 முதல் சான்போர்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களும் அப்படியே. பல நகரங்களில் அவை பாலியல் தொழில் விடுதிகளைப் பெண்கள் தங்குமிடம் என்று நாசூக்காகக் குறித்தன. கட்டட வகையைத் தரவாக ஏற்றும் மாணவர் அந்தக் குறிப்பை எந்த வகையில் போடுவது என்று திகைக்கும் நொடியில் மூன்று பாடங்களும் தாமாகவே சேர்கின்றன.

இரண்டாவது, இணைத்துக் கற்பிப்பதன் பயன் பற்றிய சான்று கலவையானது. ஒரே மாணவர் குழு இரண்டு மூன்று பாடங்களைச் சேர்ந்து படிக்கும் கற்றல் குழுமங்கள் பற்றி எம்.டி.ஆர்.சி. ஆய்வு நிறுவனம் சீட்டுக் குலுக்கல் முறையில் சோதனை நடத்தியது. நியூயார்க்கின் கிங்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியில் நன்மை தெரிந்தது. ஆனால் பிற கல்லூரிகளில் கிடைத்த பயன் சிறியது. இதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆயினும் அச்சோதனைகள் அளந்தவை தேர்ச்சியும் தொடர்ந்து படிப்பதும்தான். மாணவர் ஒரு வகைப்பாட்டைக் கேள்வி கேட்கக் கற்றாரா என்பதை அவை அளக்கவில்லை. மேலும் அவற்றில் பல, அடிப்படை ஆங்கிலம் அல்லது கணிதத்தை வேறொரு பாடத்தோடு நேர அட்டவணையில் இணைத்தவை. ஒரே பொருளின் மேல் மூன்று துறைகளும் குவியும் ஏற்பாடு வேறு.

மூன்றாவது, அறநெறி ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறதே என்பது. ஜி.ஐ.எஸ். வல்லுநர் சான்றிதழ் பெறுவோர் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும் என்பது உண்மை. தரவைத் திரிக்காதே, தனியுரிமையை மீறாதே என்னும் விதிகள் தேவையானவை. ஆனால் 1885ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் தரவைத் திரித்ததாகத் தாங்களே எண்ணியிருக்க மாட்டார்கள். கண்டதைத்தான் வரைந்தோம் என்றே நம்பியிருப்பார்கள். நேர்மையானவரும் தவறாக வகைப்படுத்துவார். அதற்கு மருந்து, அந்த வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்னும் அறிவு.

இம்மறுப்புகளைவிடப் பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பகுதிநேரப் பணியாளர்கள். ஒரு நாளில் இரண்டு கல்லூரிகளுக்குக் காரோட்டிச் செல்பவருக்கு, பக்கத்துத் துறை ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் திட்டமிட ஊதியமும் இல்லை, அறையும் இல்லை. சிட்டி காலேஜ் 2012 முதல் 2017 வரை தன் அங்கீகாரத்துக்காகவே போராட வேண்டியிருந்தது. மாணவர் சேர்க்கை சரிந்தது, வகுப்புகள் குறைந்தன. நகர வாக்காளர்கள் 2016இல் சொத்துப் பரிமாற்ற வரியை உயர்த்தி, 2017 முதல் நகரவாசிகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி கிடைக்கச் செய்தது பெரிய ஆதரவு. ஆனால் இத்தகைய நெருக்கடியில் முதலில் வெட்டுக்கு உள்ளாவது சேர்க்கை குறைந்த சிறு துறைகளே. பாலினவியல் வகுப்பு இல்லாமல் போன கல்லூரியில் ஜி.ஐ.எஸ். ஆசிரியர் யாரோடு சேர்ந்து பாடம் நடத்துவார்?

8. முடிவுரை

இந்தக் கேள்வி அமெரிக்காவோடு நிற்பதில்லை. சமுதாயக் கல்லூரி என்ற கருத்து 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், 1996இல் சென்னையிலும் நம் மண்ணுக்கு வந்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கையில் ஒரு தொழில் தர வேண்டும் என்ற அக்கறையோடு வந்தது. அந்த அக்கறை மதிக்கத்தக்கது. அதோடு சேர்ந்து வரக்கூடிய ஒரு முன்முடிவை, வேலை தேவைப்படுபவருக்குக் கேள்விகள் ஆடம்பரம் என்ற எண்ணத்தை, இங்கும் தவிர்க்க வேண்டும்.

மூன்று வரைபடங்களும் சேர்ந்து காட்டுவது இதுவே: வகைப்பாடு வரைபடத்தின் முதல் வேலை, அந்த முதல் வேலை ஒருபோதும் கணினியால் செய்யப்படுவதில்லை. நாளை நகராட்சியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ சுகாதாரத் துறையிலோ அமர்ந்து, எந்தத் தெரு ஆபத்தானது, எந்த வீடு குடும்பம், எந்தக் குடியிருப்பு முறைகேடானது என்று நிறம் கொடுக்கப்போகிறவர்களில் பலர் இக்கல்லூரிகளில் சான்றிதழ் வாங்கியவர்களாகவே இருப்பார்கள். கொள்கை வகுப்பவர் அவர்கள் தயாரித்த படத்தைத்தான் பார்ப்பார். ஆகவே வரலாறும் பாலினவியலும் யாருக்கு அதிகம் தேவை என்றால், கருவியைக் கையில் பிடித்திருப்பவருக்கே. பயிற்சித் தரவைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று துறையினரும் கூடி முடிவெடுக்க ஊதியத்தோடு நேரம் ஒதுக்குவதும், அப்படி நடத்தும் பாடத்துக்கு நிதிக் கணக்கில் உரிய இடம் தருவதும் கல்லூரிகளாலும் மாநிலங்களாலும் செய்யக்கூடிய காரியங்கள். திறந்த கதவு என்ற வாக்குறுதி, உள்ளே வருபவருக்குக் கருவியோடு கேள்வியையும் கொடுக்கும்போதுதான் நிறைவேறும்.